மேல்பல்

தார்ப்பாய்க் கயிற்றை முறுக்கி இழுக்கும்போது சென்னிமலை வாயையும் சேர்த்துக்கொள்வான். ஒரு முனை லாரியின் கொக்கியில், மறுமுனை கையில், முடிச்சின் கழுத்து இடப்பக்க மேல் கோரைப்பல்லில். தலையைப் பின்னால் வெட்டி ஒரே இழுப்பு. அப்படிப் போட்ட முடிச்சு இந்தூர் வரைக்கும் நெகிழாது. அங்கே போய் அவிழ்ப்பதும் அந்தப் பல்தான். ஸ்பானரும் ஜாக்கியும் போல அதுவும் அவனுக்கு ஒரு சாமான்.

சேகோ ஆலைகளில் ஜவ்வரிசி ஏற்றி வடக்கே போகும் லாரி அவனுடையது. அவனுடையது என்றால் அவன் ஓட்டுவது, ஓனர் வேறு. ஜவ்வரிசி நனைந்தால் மூட்டைக்குள்ளேயே கஞ்சியாகிவிடும். சோலாப்பூர் தாண்டிப் பிடித்த மழையில் கயிறு ஊறி முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. கடித்து இழுத்தான். மண்டைக்குள் டக்கென்று ஒரு சத்தம். துப்பினான். நொய் அளவுக்கு வெள்ளையாக ஏதோ சேற்றில் விழுந்தது.

"லோடுல ஒரு ஜவ்வரிசி கொறைஞ்சு போச்சுடா" என்றான்.

கூட ஓட்டுகிற ஜெகதீஸ்வரன் சிரித்தான். "ஓனரு உங்க கணக்குல புடிச்சுக்குவாரு."

வலி இல்லை. முனை மட்டும் நாக்கில் உராய்ந்தது. சில வாரத்தில் அதுவும் பழகிவிட்டது. அதன் பிறகுதான் டீ பட்டால் சுரீரென்றது. பிறகு தண்ணீர் பட்டால். பிறகு எதுவும் படாமலே. கிராம்பு வைத்தான். கிராம்பு பலிக்காதபோது புகையிலை. அதுவும் பலிக்காதபோது மருந்துக்கடையில் பேர் தெரியாத மாத்திரை. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் கண்ணாடியைப் பார்த்தபோது இடது கன்னம் வீங்கியிருந்தது.

"ஏனுங்ணா, கன்னத்துல லட்டு பதுக்கி வெச்சிருக்கறீங்ளா? எனக்கொண்ணு குடுங்."

"மூடீட்டு ரோட்டப் பாருடா."

திருச்செங்கோட்டுக்கு வடக்கே, காட்டு ஓரமாக நாலு வீடுகள் உள்ள வளவில் அவன் வீடு. மனைவி பிரபா விசைத்தறி ஓட்டுகிறவள். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி வீட்டிலும் அவளுக்குக் குரல் இறங்காது.

"மூஞ்சியப் பாருங். சுரைக்காயாட்ட இருக்குது. நாளைக்கே பல்லு டாக்டருகிட்டப் போறீங். நானும் வாரேன்."

"வேண்டாம் புள்ள. தானா வத்தீரும்."

அடுத்த வீட்டிலிருந்து அக்கா பொன்னாத்தாள் வந்தாள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் திரும்பி வந்து தம்பிக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டவள். தம்பியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"மேப்பல்லா, கீப்பல்லா?"

"மேலக்கா."

அவள் கையை எடுத்துவிட்டாள். "கீப்பல்லுன்னா ஓடிப்போயிப் புடுங்கீட்டு வா சாமி. மேப்பல்லத் தொட உடாதே. நம்ம அப்பன நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்க்கச் சொல்லவே வேண்டியதில்லை. அப்பன் கந்தனுக்குச் சந்தையில் ஒருவன் மேல்பல்லைப் பிடுங்கினான். அடுத்த கார்த்திகைக்குள் இரண்டு கண்ணும் மங்கிவிட்டன. சர்க்கரை வியாதி என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. வாசல் தூணுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. அப்பன் அதைப் பிடித்துக்கொண்டு போவார், அதைப் பிடித்துக்கொண்டு வருவார். சாகும்வரை அவர் உலகம் அவ்வளவு நீளம்தான். அந்தக் கயிற்றைக் கட்டியவன் சென்னிமலை. அதிலும் முடிச்சைப் பல்லால்தான் இழுத்தான்.

கண் போனால் ஸ்டியரிங் போயிற்று. அதை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதுகு வலியைச் சொல்லலாம், மூலத்தைக்கூடச் சொல்லிச் சிரிக்கலாம். கண்ணைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. தாபாவில் சொன்னது லாரிக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். ஓனர் ஒன்றும் கேட்க மாட்டார். அடுத்த லோடுக்கு வேறு ஆள் ஏறியிருப்பான்.

ஆனாலும் வலி அவனை டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போயிற்று. பிரபாவுக்குத் தறியில் லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போனான்.

டாக்டர் தேவிப்ரியா சின்ன வயது. பல்லைத் தட்டிப் பார்த்தாள். அவன் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டான்.

"புடுங்கோணுமுங்ளா?"

"வேண்டாங்கண்ணா. வேரு நல்லா இருக்கு. காப்பாத்திரலாம்."

பிடுங்க வேண்டாம் என்ற சொல்லில் அவன் தோள் இறங்கியது. அவள் எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினாள். நீளமாக ஒரு வெள்ளை வேர். நுனியில் புகை பிடித்ததுபோல ஒரு கருப்பு உருண்டை.

"பல்லு வெளிய கல்லு மாதிரி. உள்ள பென்சில்ல கரி இருக்கற மாதிரி ஒரு மெல்லிசான சதை. உடைஞ்ச இடத்து வழியாக் கிருமி பூந்து அது அழுகிருச்சு. அழுகினது வேர் நுனி வழியா எலும்புக்குள்ள இறங்கிச் சீழ் வெச்சிருக்கு. இப்ப நான் உள்ள இருக்கறத எடுத்துட்டு, சின்னச் சின்ன அரத்தால சுரண்டிச் சுத்தம் பண்ணி மருந்து வெப்பேன். ரெண்டு மூணு தடவை வரணும். கடைசியா உள்ள கெட்டியா அடைச்சு, மேல தொப்பி போட்டுருவேன். ரூட் கெனால்னு சொல்றாங்கள்ல, அதுதான்."

"செரிங்."

"சுருக்கமாச் சொன்னா, நரம்பை எடுத்துருவோம். அப்புறம் வலிக்காது."

அவ்வளவு நேரம் சொன்னதில் அவனிடம் தங்கியது அந்த ஒரு சொல்தான். அவள் சொன்ன நரம்பு பல்லுக்குள் இருக்கிற நூல். அவன் கேட்ட நரம்பு வேறு. அவனுக்குத் தெரிந்த நரம்பெல்லாம் ஒன்றோடொன்று கட்டிய கயிறு. ஒரு முனையை இழுத்தால் எங்கோ ஒரு முடிச்சு அவிழும்.

"அந்த நரம்பு எங்கீங்க போகுது?"

அவள் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொன்னாள். "பல்லுல இருந்து கன்னத்து எலும்புக்குள்ள மேல ஏறி, கண்ணுக்குக் கீழ போயி, அப்படியே மூளைக்குப் போகும்." கையுறை போட்ட விரல் அவன் கன்னத்தில் ஒரு கோடு போட்டுக் கண்ணுக்கடியில் நின்றது. "வாயத் தெறங்க."

ஊசி இறங்கியது. உதடு மரத்தது. மூக்கின் இடது பக்கம் மரத்தது. பிறகு கீழ் இமை. அவன் மெல்லக் கையை உயர்த்தி இமையைத் தொட்டுப் பார்த்தான். வேறொருவன் இமையைத் தொட்டதுபோல இருந்தது. சொல்லியிருந்தால், ஊசி மருந்து அப்படித்தான் செய்யும், சாயங்காலம் சரியாகிவிடும் என்று அவள் சொல்லியிருப்பாள். ஆனால் கண் விஷயம். அவன் சொல்லவில்லை.

மெஷின் பல்லில் துளை போட்டது. உள்ளிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. தன் உடம்பிலிருந்து அப்படி ஒரு நாற்றம் வரும் என்று அவன் எண்ணியதில்லை. டாக்டர் மெல்லிய அரத்தை விட்டு விட்டு எடுத்தாள். சீழ் வடிந்தது. மருந்து வைத்து வெள்ளையாக எதையோ பூசினாள்.

"இது தற்காலிகந்தான். அடுத்த வாரம் கண்டிப்பா வரணும். மாத்திரையை நடுவுல நிறுத்தக் கூடாது. வலி இல்லைன்னு விட்டுராதீங்கண்ணா. உள்ள இன்னும் பாதி இருக்கு."

உள்ளே இன்னும் பாதி இருக்கு. பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். அர்த்தநாரீசுவரர் மலையைப் பார்த்தபடி வலது கண்ணை மூடினான். இடது கண்ணில் மலை தெரிந்தது. படிக்கட்டும் தெரிந்தது. பாதியை எடுத்தாகிவிட்டது, மிச்சப் பாதியில்தான் பார்வை நிற்கிறது என்று ஒரு கணக்கு அவனுக்குள் தானாக உருவாயிற்று. சாயங்காலம் இமையில் உணர்ச்சி திரும்பியது. தப்பித்தேன் என்று நினைத்தான்.

மறுநாள் வீக்கம் வற்றியது. வலி அடியோடு போயிற்று. மாத்திரை இரண்டு நாளில் போதும் என்று தோன்றியது. டாக்டர் போன் செய்தபோது லோடில் இருப்பதாகச் சொன்னான். அப்போது அவன் வீட்டில் கட்டிலில் படுத்திருந்தான். பிறகு வந்த போன்களை எடுக்கவில்லை.

"பல்லு என்னாச்சுங்?" என்றாள் பிரபா.

"முடிஞ்சுது."

"தொப்பி போட்டாங்ளா? தறில ஒருத்தி தங்கமாட்ட மினுக்குனு போட்டுட்டு வந்திருக்கறா."

"எனக்கு வேண்டாம்னுட்டேன்."

பொன்னாத்தாளிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். அவள் அவன் தலையைத் தடவி, "நல்ல காரியம் பண்ணுன சாமி" என்றாள்.

மாதங்கள் போயின. வெள்ளைப் பூச்சு கடலை மிட்டாயோடு போயிற்று. பல் கொஞ்சம் கறுத்தது. வலியே இல்லை. செத்த பல்லுக்கு வலி ஏது என்று ஜெகதீஸ்வரனிடம் பெருமை பேசினான். கயிற்றையும் மறுபடி அந்தப் பல்லிலேயே இழுத்தான். உள்ளே மூடாத ஓட்டை வழியாகச் சோறும் தண்ணீரும் புகையிலைச் சாறும் வேர் வரைக்கும் போய்க்கொண்டிருந்தன. அது நோகவில்லை. நோவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

ஒரு வடக்கு லோடில் ஹைதராபாத் தாண்டியபோது மேல் உதடு தடித்தது. அடிலாபாத்தில் காய்ச்சல். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டினான். இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து வெளியே தள்ளுவதுபோல இருந்தது. காய்ச்சலுக்கு என்று துண்டை முகத்தோரம் இறக்கிக் கட்டிக்கொண்டான். சொல்லவில்லை. எதிரே வந்த லாரி ஒன்று இரண்டாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே ஓட்டிப்போகப் பார்த்தான். ஜெகதீஸ்வரன் பாய்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினான். வண்டி ஓரமாகக் குலுங்கி நின்றது.

"என்னுங்ணா ஆச்சு? மூஞ்சியத் திருப்புங்."

திருப்பினான். துண்டுக்குள் கண் பாதிதான் திறக்கும்படி வீங்கி, கறுத்துச் சிவந்து, முகத்தைவிட்டு வெளியே நின்றது.

"எப்ப இருந்துங்ணா?"

"நேத்திருந்து. லோட எறக்கீட்டுப் பாத்துக்கலாம்."

"லோடு கெடக்குதுங்ணா."

"ஓனருகிட்டக் கண்ணுன்னு சொல்லாத. காச்சல்னு சொல்லு."

நாக்பூரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவனுக்கு நினைவு தப்பியிருந்தது. பல்லிலிருந்த சீழ் கன்னம் வழியாக ஏறிக் கண்குழிக்குள் இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் மூளை. கண்ணைச் சுற்றிக் கீறிச் சீழை எடுத்தார்கள். பல்லையும் பிடுங்கினார்கள். உயிர் நின்றது. விழியும் இருந்த இடத்தில் இருந்தது. பார்வை மட்டும் திரும்பவில்லை.

விழித்தபோது டாக்டர் அவன் இடது கண்முன் விளக்கைக் காட்டினார். அவன் வெறுமனே படுத்திருந்தான். டாக்டர் தன் வாயில் மேல்பல்லைத் தொட்டுக் காட்டி, விரலைக் கன்னத்தின் மீது இழுத்துக் கண்ணில் நிறுத்தினார். தேவிப்ரியா போட்ட அதே கோடு. ஏதோ இந்தியில் கேட்டார்.

"பல்லுக்கு ஏன் முன்னாலயே வைத்தியம் பாக்கலைன்னு கேக்கறாருங்ணா" என்றான் ஜெகதீஸ்வரன். "எனக்குத் தெரிஞ்சு பாத்தீங் தான? நா என்னன்னு சொல்லட்டும்?"

சென்னிமலை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஊர் திரும்பியபோது வளவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். பொன்னாத்தாள் மாரில் அடித்துக்கொண்டாள். "மேப்பல்லத் தொடாதே தொடாதேன்னு தலதலயா அடிச்சுக்கிட்டனே. தொட்டாளே பாவி. புடுங்குனாங்களே. அப்பனுக்கு ஆன மாதிரியே ஆயிப்போச்சே." வந்தவர்கள் தலையாட்டினார்கள். பல்லைத் தொட்டார்கள், பிடுங்கினார்கள், கண் போயிற்று. ஒவ்வொன்றும் நடந்ததுதான். நடந்த வரிசை மட்டும் வேறு. வரிசையை யார் கேட்கிறார்கள்.

பிரபா யாரிடமும் சொல்லாமல் பல் டாக்டரைத் திட்டப் போனாள். ஓரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்கும் அளவுக்குத் திட்டினாளாம். தேவிப்ரியா கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள். "அண்ணன் ஒரு தடவைதான்க்கா வந்தாரு. அதுக்கப்புறம் வரவே இல்லை. போனும் எடுக்கலை. அக்கா, அது நான் இன்னும் மூடாத பல்லு."

வீட்டுக்கு வந்து பிரபா அவன் எதிரில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அவள் குரல் இறங்கிக் கேட்டான்.

"முடிஞ்சுதுன்னு எங்கிட்டச் சொன்னீங்."

அவன் கட்டில் கயிற்றை விரலால் நெருடினான்.

"ஏனுங் போகுலை?"

"நரம்ப எடுக்கறேன்னாங்க. கண்ணுக்குப் போற நரம்புன்னு நெனச்சேன். ஊசி போட்டதும் எமை செத்தாப்பல இருந்துச்சு."

"அவங்களைக் கேக்கறதுக்கென்னுங்? எங்கிட்டச் சொல்றதுக்கென்னுங்?"

"கண்ணுன்னு எப்படிப் புள்ள வாய் தொறக்கறது."

பிரபா எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "கண்ணக் காப்பாத்தறேன்னு நீங்களே கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்திருக்கறீங்."

அவன் அக்காவிடமும் சொல்லிப் பார்த்தான். தொட்டதால் போகவில்லை, பாதியில் விட்டதால் போயிற்று என்று. பொன்னாத்தாள் காதைப் பொத்திக்கொண்டாள். "அப்ப நல்ல காரியம் பண்ணுனன்னு நாஞ்சொன்னது? எஞ்சாமி, அப்படிச் சொல்லாத. என்னால தாங்க முடியாது." அதன் பிறகு அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

லைசென்ஸ் போயிற்று. ஓனர் நல்லவர். ராசிபுரம் பக்கத்துச் சேகோ ஆலை ஒன்றில் சொல்லிச் சென்னிமலைக்கு லோடு யார்டில் தார்ப்பாய் கட்டும் வேலை வாங்கிக்கொடுத்தார். இடப்பக்கம் யார் வந்து நின்றாலும் தெரியாது. கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டும். மூட்டை தூக்குகிறவர்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு இடப்பக்கமாக வரும்போது செருமிக்கொண்டு வந்தார்கள். கயிறு கட்டும்போது மட்டும் அவன் தலை பழக்கத்தில் முடிச்சை நோக்கிக் குனியும். கயிறு பல் இருந்த சந்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும். சணல் ருசி நாக்கில் படும். பிறகு கையால் இழுப்பான். கையால் இழுத்தது அவ்வளவு இறுகாது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் ஜெகதீஸ்வரன் லோடுக்கு வந்தான். வானம் கருக்கட்டியிருந்தது. வண்டியைவிட்டு இறங்கியவன் கன்னத்தில் துண்டை அழுத்தியிருந்தான்.

"என்னடா லட்டு?" என்றான் சென்னிமலை.

ஜெகதீஸ்வரன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. சென்னிமலை துண்டை விலக்கினான். வலது கன்னம், கண்ணுக்குச் சற்றுக் கீழே வரை.

"மேப்பல்லா?"

"ஆமாங்ணா. கெராம்பு வெச்சிருக்கறேன். வத்தீரும்."

"வத்தாது. வண்டி நிக்கட்டும். ராசிபுரத்துல டாக்டரு இருக்கறாங்க. நா கூட வாரேன்."

"மேப்பல்லுக்கா?" ஜெகதீஸ்வரன் அவன் இடது கண்ணைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். "உங்களப் பாத்த பொறவா? நா நாக்பூர்ல இருந்தனுங்ணா. எம் முன்னாலதான் புடுங்குனாங்க."

"புடுங்குனதால போகுலைடா. அதுக்கு முன்னாலயே போயிருச்சு. திருச்செங்கோட்டுல பாதி பாத்துட்டு உட்டுட்டேன். மிச்சத்துக்குப் போகுலை. மூடாத ஓட்டைல ஏறிப்போச்சு. அங்க படுக்கைல உங்கிட்ட இதச் சொல்லியிருக்கோணும்."

"அதத்தானுங்ணா நானுஞ் சொல்றேன். தொடாம இருந்திருந்தா ஓட்டையே இல்லயே."

சென்னிமலைக்கு அதற்குப் பதில் இருந்தது. எக்ஸ்ரேயில் பார்த்த கருப்பு உருண்டை, தொடுவதற்கு முன்பே அங்கே இருந்தது. அதைச் சொன்னான். ஓட்டை கயிறு கடித்த அன்றைக்கே விழுந்தது என்றும் சொன்னான். வாய் குழறாமல், வரிசையாக, ஒவ்வொன்றாகச் சொன்னான். ஜெகதீஸ்வரன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு ஏதாச்சும் பண்ணுதா? மறைக்காமச் சொல்லு."

"இல்லீங்ணா" என்றான் ஜெகதீஸ்வரன். உடனே சொன்னான். கேள்வி முடிவதற்குள் சொன்னான்.

அதற்குள் மூட்டைகள் ஏறித் தார்ப்பாயும் விரித்தாகிவிட்டது. சென்னிமலை கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான். "நீ டாக்டருகிட்டப் போகாம இந்த வண்டிக்கு நாங் கயிறு கட்ட மாட்டேன்."

"மழ வருதுங்ணா. லோடு நனைஞ்சு போயிரும்."

"நனையட்டும்."

ஜெகதீஸ்வரன் குனிந்து கயிற்றை எடுத்தான். கொக்கியில் மாட்டிச் சுற்றினான். வீங்காத பக்கத்துப் பல்லில் முடிச்சைக் கவ்வி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் வெட்டி இழுத்தான். அப்படி இழுக்கச் சொல்லிக்கொடுத்தது சென்னிமலைதான். ஒவ்வொரு கொக்கியாக வண்டியைச் சுற்றி வந்தான். கடைசி முடிச்சில் நின்று, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விட்டான்.

"வாரேன்ணா."

வண்டி இடப்பக்கமாகத் திரும்பியது. அது போவதைப் பார்க்கச் சென்னிமலை கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. அதற்குள் அது கேட்டைத் தாண்டிவிட்டது. முதல் தூறல் விழுந்தது. முடிச்சுகள் எல்லாம் நன்றாக இறுகியிருந்தன.